சாய்ந்த வீட்டுக்கு ஊசி போடலாமா?

வாசகர் கேள்வி – பொறியாளர் பதில்

ஒரு பக்கம் இறங்கிய கட்டடத்தை, மண்ணுக்குள் கலவையோ ரசாயனமோ செலுத்தி நிமிர்த்தும் முறையைப் பற்றித் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

எங்கள் வீடு தரைத்தளமும் ஒரு மாடியும். கட்டிப் பத்து வருடம் ஆகிறது. ஏரிக்கரையை ஒட்டி, மண் அடித்து மேடாக்கிய மனை. போன மழைக்குப் பிறகு பின்பக்கம் இறங்கிவிட்டது. சமையலறைக் கதவு தானாகத் திறந்துகொள்கிறது. தரையில் கோலிக்குண்டு வைத்தால் பின்சுவரைப் பார்த்து உருளுகிறது. சுவரில் பெரிய விரிசல் இல்லை. மண்ணுக்குள் ரசாயனத்தை ஊசி போல ஏற்றி ஒரே நாளில் தூக்கித் தருவதாக ஒரு நிறுவனத்தார் சொல்கிறார்கள். நம்பலாமா ஐயா?
— வாசகர், கிருஷ்ணகிரி

தூக்க முடியும் என்பது உண்மை. ஒரே நாளில் முடியும் என்பதும் பெரும்பாலும் உண்மைதான். ஆனால் அந்த ஒரு நாளுக்கு முன்னால் மூன்று மாத வேலை இருக்கிறது. அதைச் செய்யாமல் நேராக மெஷினை இறக்குகிறவரிடம் வீட்டை ஒப்படைக்காதீர்கள்.

வீடு இன்னும் இறங்குகிறதா, நின்றுவிட்டதா என்பதை முதலில் கண்டுபிடிக்க வேண்டும். இதற்கு மேஸ்திரி வைத்திருக்கும் டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கும் தெளிவான குழாய்) போதும். டியூபில் காற்றுக் குமிழி இருக்கக் கூடாது. இருந்தால் அளவு பொய்யாகும். கட்டும்போது மட்டமாக இருந்த ஒரு கோட்டைத் தேர்ந்தெடுங்கள்: பேஸ்மட்டத்தின் மேல் விளிம்பு அல்லது ஜன்னல் லிண்டலின் அடி. வீட்டைச் சுற்றி 12 முதல் 16 இடங்களில் ஆணி அடித்து அடையாளம் வைத்து, முன்மூலையைச் சுழியமாகக் கொண்டு மற்ற இடங்கள் எத்தனை மி.மீ. தாழ்ந்திருக்கின்றன என்று நோட்டில் எழுதுங்கள். பதினைந்து நாளுக்கு ஒரு முறை, மூன்று மாதம். நடுவில் ஒரு நல்ல மழையாவது வந்திருக்க வேண்டும்.

அந்த எண்கள் இன்னொன்றையும் சொல்லும். முன்பக்கம் 0, நடுவில் 22, பின்பக்கம் 45 என்று சீராகக் கூடிக்கொண்டே போனால் வீடு ஒரு பெட்டி போல மொத்தமாகச் சாய்ந்திருக்கிறது. முன்பக்கம் 0, நடுவில் 3, பின்பக்கம் 45 என்று வந்தால் வீடு சாயவில்லை, பின்பகுதி மட்டும் ஒடிந்து இறங்குகிறது. உங்கள் வீட்டில் பெரிய விரிசல் இல்லை என்பதைப் பார்த்தால் முதல் வகையாக இருக்கலாம். ஊசி முறை நன்றாக வேலை செய்வது அந்த வகையில்தான். கிரேடு பீம் (பில்லர்களைத் தரைமட்டத்தில் இணைக்கும் காங்கிரீட் பீம்) நன்றாகப் பிணைத்திருக்கும் வீடு ஒன்றாக எழும். பீம் இல்லாத தனித்தனி ஃபுட்டிங் (பில்லரின் அடிப்பாதம்) என்றால், ஒரு பில்லரின் கீழ் செலுத்தியது அந்த ஒரு பில்லரை மட்டும் தூக்கி, பக்கத்துச் சுவரைக் கிழித்துவிடும்.

அடுத்தது மண். இறங்கிய பக்கம் ஒன்று, இறங்காத பக்கம் ஒன்று என இரண்டு சோதனைத் துளைகளாவது போட வேண்டும். 63.5 கிலோ சுத்தியலை 75 செ.மீ. உயரத்திலிருந்து விழவிட்டு, குழாய் கடைசி 30 செ.மீ. இறங்க எத்தனை தட்டு ஆகிறது என்று எண்ணுவார்கள். மணல் கலந்த மண்ணில் நான்கைந்து தட்டுக்குள் இறங்கினால் அது மிகவும் பொலபொலப்பான மண். நம் பகுதியில் பல இடங்களில் சில மீட்டர் ஆழத்திலேயே மக்கிய பாறை தட்டிவிடும் என்பதால் துளையை அதுவரை கொண்டுபோகச் சொல்லுங்கள். இடையில் நிறுத்திய துளையை நம்பி ஊசி போட்டால், ஊசி போட்ட ஆழத்துக்குக் கீழே இருக்கும் ஏரி வண்டல் தன் பாட்டுக்கு அமுங்கிக்கொண்டே இருக்கும். மேலே தூக்கிய வீடு அதோடு மறுபடியும் இறங்கும்.

மூன்றாவது தண்ணீர். சமையலறையும் கழிப்பறையும் பின்பக்கம், வீடு இறங்கியதும் பின்பக்கம் என்றால், முதல் சந்தேகம் கசியும் குழாய் மீதும் செப்டிக் டேங்கின் உறிஞ்சு குழி மீதும் விழ வேண்டும். மொட்டை மாடித் தண்ணீர் குழாய் வழியாகச் சுவர் ஓரத்தில் கொட்டுகிறதா என்றும் பாருங்கள். இதை மாற்றினாலே இறக்கம் நின்றுபோகும் வீடுகள் உண்டு.

இத்தனையும் முடிந்த பிறகுதான் ரசாயனம். அது பாலியூரித்தேன் வகை ரெசின்: பாலியால், ஐசோசயனேட் என்ற இரண்டு திரவங்கள். இந்த முறை 1970களில் பின்லாந்தில் தொடங்கியது. இரண்டையும் சூடாக்கி, துப்பாக்கி போன்ற செலுத்துகருவியின் முனையில் கலந்து, 12 முதல் 16 மி.மீ. விட்டமுள்ள இரும்புக் குழாய் வழியாகக் கடக்காலுக்குக் கீழே அனுப்புவார்கள். சில விநாடிகளில் பொங்கிப் பல மடங்கு விரியும். சில நிமிடங்களில் இறுகிவிடும். விரியும்போது முதலில் பக்கத்து மண்ணை நெருக்கும்; மண் இறுகிய பிறகே மேலே தூக்கும். சுவரை ஒட்டி ஏறக்குறைய ஒரு மீட்டருக்கு ஒரு துளை வரும்.

நீங்கள் பக்கத்தில் நின்று கவனிக்க வேண்டிய இடம் இது. சுவரில் லேசர் லெவலின் உணர்கருவிகள் மாட்டியிருக்க வேண்டும். ஆழமான மட்டத்தில் செலுத்தும்போது சுவர் அரை மி.மீ., ஒரு மி.மீ. அசைந்தவுடன் அந்த இடத்தில் நிறுத்த வேண்டும். அந்த அசைவுதான் 'இங்கே மண் கெட்டியாகிவிட்டது' என்பதற்கான அடையாளம். உண்மையான தூக்கலைக் கடக்காலுக்கு நேர் கீழே உள்ள மேல் மட்டத்திலிருந்து, ஒரு துளைக்கு ஒரு சுற்றில் 2, 3 மி.மீ. வீதம், வரிசையாகச் சுற்றிச் சுற்றி வந்து செய்ய வேண்டும். ஒரே துளையில் 20 மி.மீ. ஏற்றினால் கிரேடு பீம் வெடிக்கும். அதிகமாகத் தூக்கிவிட்டால் இறக்க வழி கிடையாது. இறுகிய ரெசினைத் திரும்ப உறிஞ்ச முடியாது. 45 மி.மீ. இறங்கிய வீட்டை 35 மி.மீ. தூக்கி நிறுத்துவது நல்ல வேலை. முழுதும் மட்டமாக வேண்டும் என்று வற்புறுத்தாதீர்கள்.

தூக்கும் முன் கழிவுநீர்க் குழாய், தண்ணீர்க் குழாய் இணைப்புகளைக் கழற்றிவிடச் சொல்லுங்கள். வீடு எழும், மண்ணில் புதைந்த குழாய் எழாது. திரவ நிலையில் ஐசோசயனேட்டின் ஆவி மூச்சுக்குழலைக் கடுமையாக உறுத்தும். அன்றைக்குக் குழந்தைகளும் ஆஸ்துமா உள்ளவர்களும் வீட்டில் இருக்க வேண்டாம்.

எவ்வளவு சாய்ந்தால் ஆபத்து? வீட்டிலேயே அளக்க வழி உண்டா?
— வாசகி, தருமபுரி

உண்டு. மாடிக் கைப்பிடிச் சுவரிலிருந்து தூக்குக்குண்டைத் தொங்கவிடுங்கள். காற்றில் ஆடாமல் இருக்கக் குண்டு ஒரு வாளித் தண்ணீருக்குள் மூழ்கியிருக்கட்டும். மேலே நூலுக்கும் சுவருக்கும் உள்ள இடைவெளி, கீழே உள்ள இடைவெளி, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் சாய்வு. 6 மீட்டர் உயரத்தில் 24 மி.மீ. வித்தியாசம் என்றால் 250-ல் 1.

உயரமான கட்டடத்தின் சாய்வு கண்ணுக்குத் தெரிய ஆரம்பிப்பது ஏறக்குறைய இந்த அளவில். இறக்கம் பக்கத்துக்குப் பக்கம் மாறி வளைவாக வந்தால், 300-ல் 1 என்ற கணக்கிலேயே செங்கல் சுவர்களில் விரிசல் தொடங்கும். 150-ல் 1 வந்தால் பீம், பில்லருக்கே சேதம் வரலாம். அந்த நிலையில் பொறியாளரை அழைக்க ஒரு வாரம்கூடத் தள்ளிப்போட வேண்டாம். புதுக் கட்டடம் வடிவமைக்கும்போது இந்திய தரநிலை ஐ.எஸ். 1904 இதைவிடக் கண்டிப்பானது: மணலிலோ கெட்டிக் களிமண்ணிலோ தனி ஃபுட்டிங் மேல் நிற்கும் ஆர்.சி.சி. கட்டடத்துக்கு மொத்த இறக்கம் 50 மி.மீ., சரிவு 666-ல் 1. நான்கு மீட்டர் இடைவெளியில் உள்ள இரண்டு பில்லர்களுக்கு நடுவே அது வெறும் 6 மி.மீ.

அளக்கும்போது ஒரு எச்சரிக்கை. கட்டும்போதே சுவர் தூக்கு விலகியிருக்கலாம், பூச்சு தடித்திருக்கலாம். அதனால் நான்கு மூலைகளிலும், ஒவ்வொரு மூலையின் இரண்டு முகங்களிலும் அளங்கள். எல்லா மூலையும் ஒரே திசையில், ஏறக்குறைய ஒரே அளவு சாய்ந்திருந்தால் வீடு சாய்ந்திருக்கிறது. ஒன்று கிழக்கே, ஒன்று மேற்கே என்றால் அது கொத்தனார் விட்ட பிழை. அதற்கு ஊசி தேவையில்லை.

மூன்று மாத அளவில் எந்த மாற்றமும் இல்லை, சாய்வும் 250-ல் 1-க்குக் குறைவு என்றால் எங்கள் யோசனை, வீட்டைத் தொடாமல் விடுங்கள் என்பதுதான்.

வீட்டைச் சுற்றி ட்ரில் போட்டு சிமெண்ட் பால் ஊற்றினால் மண் கல்லாகிவிடும் என்கிறார் எங்கள் மேஸ்திரி. நாற்பது மூட்டை ஆகுமாம். செம்மண் பூமி. செய்யலாமா?
— வாசகர், பாலக்கோடு

வேண்டாம். ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம், ஏனென்றால் இந்த யோசனை பலருக்கும் வருகிறது.

சிமெண்ட் என்பது கரையும் பொருள் இல்லை, தூள். அதன் பருமனான துகள்கள் 80, 90 மைக்ரான் இருக்கும். மண்துகள்களின் சந்துக்குள் அந்தத் தூள் நுழைய வேண்டுமானால், மண்ணில் பொடியான 15 சதவீதத்தைப் பிரிக்கும் துகள் அளவு, சிமெண்டில் 85 சதவீதம் அடங்கும் துகள் அளவைப் போல 25 மடங்காவது இருக்க வேண்டும் என்பது கணக்கு. சிமெண்டுக்கு அதை 50 மைக்ரான் என்று வைத்தால், மண்ணுக்கு 1.25 மி.மீ. வரும். அதாவது பருமணலும் சரளையும். களி கலந்த செம்மண்ணில் அது நடக்காது. வேட்டித் துணியில் கம்பு சலிப்பது போலத்தான்.

நுழைய முடியாத பால் என்ன செய்யும்? அழுத்தம் ஏறியதும் மண்ணைப் பிளந்துகொண்டு, எளிதான பக்கமாக நாக்கு நீட்டி ஓடும். எளிதான பக்கம் பெரும்பாலும் செப்டிக் டேங்க், சாக்கடை, பழைய எலி வளை, பக்கத்து வீட்டுக் கிணறு. மூட்டை தீர்ந்துகொண்டே இருக்கும். 'மண் நன்றாகக் குடிக்கிறது' என்று எல்லாரும் நினைப்பார்கள். இன்னொரு கெடுதலும் இருக்கிறது. மூட்டைக்கு 50 லிட்டர் தண்ணீர் கலந்தால் நாற்பது மூட்டையோடு 2,000 லிட்டர் தண்ணீர் உள்ளே போகிறது. ஏற்கெனவே ஈரத்தால் இளகிய மண்ணில்! வேலை நடந்த வாரத்திலேயே வீடு இன்னும் கொஞ்சம் இறங்குவது இதனால்தான்.

அழுத்தத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கார் டயரில் 30 பி.எஸ்.ஐ. காற்று அடிக்கிறோமே, அது சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 20 டன். சாதாரண மாடி வீட்டின் கடக்கால் மண் மீது வைக்கும் சுமை பெரும்பாலும் அதைவிடக் குறைவு. வாடகைக்கு வரும் கிரவுட் (மண்ணுக்குள் செலுத்தும் கலவை) பம்ப் அதைப் போலப் பல மடங்கு அழுத்தம் தரும். மேலோட்டமான துளையில் ஒரு மீட்டர் ஆழத்துக்குக் கால் பாருக்கு (ஒரு பார் ஏறக்குறைய 14.5 பி.எஸ்.ஐ.) உள்ளாகத் தொடங்குவதுதான் பழைய, பாதுகாப்பான விதி. அழுத்தமானி துளையின் வாயில் இருக்க வேண்டும். பம்பில் மட்டும் இருந்தால் குழாயில் இழக்கும் அழுத்தமும் சேர்ந்து தப்பாகக் காட்டும்.

சிமெண்ட் பால் சரியாக வேலை செய்யும் இடமும் நம் பக்கத்தில் நிறைய இருக்கிறது. கிரானைட் குவாரிக் கழிவைக் கொட்டி நிரப்பிய மனை, சாந்து கரைந்துபோன பழைய கருங்கல் கடக்கால், தரைக்கும் மண்ணுக்கும் நடுவே விழுந்த வெற்றிடம், ஃபுட்டிங்குக்கும் பாறைக்கும் இடையே உள்ள சந்து. இங்கெல்லாம் சந்து பெரிது, பால் தாராளமாக ஓடும். கலவை: 50 கிலோ மூட்டை ஒன்றுக்கு 25 லிட்டர் தண்ணீர், முதல் நாளே ஊறவைத்த பென்டோனைட் (தண்ணீரில் உப்பும் ஒரு வகைக் களிமண்) ஒரு கிலோ. பென்டோனைட் இல்லாவிட்டால் சிமெண்ட் அடியில் தங்கித் தண்ணீர் மேலே நின்றுவிடும். அந்தத் தண்ணீர் வற்றிய இடம் மறுபடியும் வெற்றிடம். பென்டோனைட் பாலைக் கெட்டியாக்கும். ஓட்டம் குறைந்தால் தண்ணீரைக் கூட்டாமல், கலவையை இளக்கும் பிளாஸ்டிசைசர் என்ற ரசாயனத்தைச் சேருங்கள். குச்சியால் கலக்கக் கூடாது, வேகமாகச் சுழலும் மிக்சர் வேண்டும். கலந்து ஒரு மணி நேரத்துக்குள் செலுத்திவிட வேண்டும்.

இந்த விகிதத்தில் ஒரு மூட்டை ஏறக்குறைய 41 லிட்டர் பால் தரும்: சிமெண்டின் சொந்தக் கன அளவு 16 லிட்டர், தண்ணீர் 25. பத்து கன மீட்டர் குவாரிக் கழிவில் 30 சதவீதம் சந்து என்றால் 3,000 லிட்டர், அதாவது 73 மூட்டை. வேலைக்கு முன்னால் இப்படி ஒரு கணக்கு கையில் இருந்தால், நூறாவது மூட்டை போகும்போது பால் வேறெங்கோ போகிறது என்று உங்களுக்கே தெரியும்.

மனை வாங்கிய பிறகுதான் தெரிந்தது, வீட்டின் வடகிழக்கு மூலை ஒரு பழைய பாசனக் கிணற்றின் மேல் நிற்கிறது. ஆறு மீட்டர் அகலம், பன்னிரண்டு மீட்டர் ஆழம் இருந்ததாம். அந்த மூலை 60 மி.மீ. இறங்கியிருக்கிறது. ஊசி முறையில் சரியாகுமா?
— வாசகர், காவேரிப்பட்டணம்

கிணற்றின் கன அளவைப் பாருங்கள்: ஏறக்குறைய 340 கன மீட்டர். அத்தனையும் குப்பை, கட்டட இடிபாடு, மட்டை, மண் கலந்து கொட்டியதாக இருக்கும். அதன் மேல்பகுதியில் ரெசின் ஏற்றினால் மூலை எழும். எழுந்ததைப் பார்த்து மகிழ்ச்சியாகவும் இருக்கும். அடியில் மட்டை மக்க மக்க, ரெசின் கட்டியும் சேர்ந்தே கீழே போகும். முழு ஆழத்துக்கும் இறுக்குவது செலவுக்குக் கட்டுப்படியாகாது.

உங்களுக்குப் பொருந்துவது மைக்ரோ பைல், அதாவது மண்ணுக்குள் ஆழமாக இறக்கும் ஒல்லியான தூண். நம் மாவட்டங்களில் பாறை பக்கத்திலேயே இருப்பது இந்த விஷயத்தில் பெரிய வசதி. சென்னையில் பல இடங்களில் இது கிடைக்காது. கிணற்று விளிம்புக்கு வெளியே, கெட்டி நிலத்தில், 100 முதல் 150 மி.மீ. விட்டத்தில் மக்கிய பாறையைத் தாண்டி நல்ல பாறைக்குள் ஒன்று, ஒன்றரை மீட்டர் இறங்கும்படி துளையிட்டு, கம்பி இறக்கி, கெட்டியான சிமெண்ட் பாலால் அடியிலிருந்து மேலாக நிரப்புவார்கள். இரண்டு பக்கப் பைல்களையும் ஒரு ஆர்.சி.சி. பீம் இணைக்கும், அந்த பீம் கிணற்றின் மேல் பாலம் போலக் கிடந்து வீட்டின் மூலையைத் தாங்கும். கிணற்றுக்குள்ளேயே பைல் போட்டாக வேண்டும் என்றால், அமுங்கும் மண் பைலைக் கீழே இழுக்கும் சுமையையும் வடிவமைப்பில் சேர்க்கச் சொல்லுங்கள். அதை மறந்துவிடுவது உண்டு. பைல் தலைக்கும் பீமுக்கும் நடுவே ஜாக்கி வைத்து மூலையை மெதுவாக உயர்த்திய பிறகு அந்த இடைவெளியைச் சுருங்காத கிரவுட்டால் நிரப்ப வேண்டும். இதெல்லாம் முடிந்த பிறகு, உள்ளே தொங்கும் தரைக்கு அடியில் வேண்டுமானால் ரெசின் போடலாம்.

மனை வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சர்வே எண்ணின் புலப்படத்தை வாங்கிப் பாருங்கள். பழைய கிணறு அதில் குறிக்கப்பட்டிருக்க வாய்ப்பு உண்டு. ஊரில் எழுபது வயதுக்காரர் ஒருவரிடம் கேட்பதும் நல்லது.

எங்களுடையது கரிசல் நிலம். கோடையில் சுவரில் விரல் நுழையும் அளவுக்கு விரிசல். ஐப்பசி மழைக்கு மூடிக்கொள்கிறது. முன்பக்கம் சாய்ந்தது போல் தெரிகிறது. ஊசி போட்டுத் தூக்கிவிட்டால் தீருமா?
— வாசகி, அரூர்

அம்மா, விரிசல் மழைக்கு மூடிக்கொள்கிறது என்று நீங்களே நோயைக் கண்டுபிடித்து எழுதிவிட்டீர்கள். இந்த மண் ஈரத்தில் உப்பும், காய்ந்தால் சுருங்கும். சித்திரையில் முன்பக்கத்தைத் தூக்கி மட்டமாக்கினால், கார்த்திகையில் மண் உப்பி அதே முன்பக்கத்தை இன்னும் மேலே தள்ளும். சாய்வு திசை மாறும், அவ்வளவுதான். கரிசலில் தூக்குவதற்காக ஊசி போடாதீர்கள்.

மண் எவ்வளவு உப்பும் என்பதை வீட்டிலேயே சோதிக்கலாம். மண்ணை உலர்த்தி, பொடித்து, 425 மைக்ரான் சல்லடையில் சலித்து, பத்துப் பத்து கிராமாக இரண்டு 100 மில்லி அளவுக் குடுவைகளில் போடுங்கள். ஒன்றில் தண்ணீர், மற்றொன்றில் மண்ணெண்ணெய். கலக்கி, காற்றை வெளியேற்றி, 24 மணி நேரம் விடுங்கள். மண்ணெண்ணெயில் மண் உப்பாது. தண்ணீரில் 18 மில்லி, மண்ணெண்ணெயில் 10 மில்லி என்று நின்றால் உப்பும் தன்மை 80 சதவீதம். 50-க்கு மேல் போனாலே கவனம் தேவை.

செய்ய வேண்டியது, கடக்காலைச் சுற்றி ஈரம் ஏறாமலும் இறங்காமலும் பார்ப்பது. வீட்டைச் சுற்றி ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் அகலத்துக்குத் தடித்த பாலிதீன் விரித்து, மேலே காங்கிரீட் தளம், வெளிப்பக்கம் 30-க்கு 1 சரிவு. சுவரும் தளமும் சேரும் இடத்தில் தாரும் மணலும் கலந்து அடைக்க வேண்டும். அங்கே திறந்திருந்தால் மற்றது எல்லாம் வீண். மரம் தன் உயரம் அளவுக்காவது வீட்டிலிருந்து தள்ளி இருக்க வேண்டும். புதிதாகக் கட்டுகிறவர்களுக்கு, ரூர்க்கியில் உள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வளர்த்தெடுத்த அடிக்குமிழ் பைல் இருக்கிறது: தண்டு விட்டத்தைப் போல இரண்டரை மடங்கு குமிழ், ஆழமான கரிசலில் குறைந்தது 3.5 மீட்டர் ஆழம். அந்த ஆழத்தில் பருவத்துக்குப் பருவம் ஈரம் பெரிதாக மாறுவதில்லை.

பைசா கோபுரத்தைக் கலவை செலுத்தித்தான் நிமிர்த்தினார்களா?
— கல்லூரி மாணவி, பென்னாகரம்

இல்லை. 1930களில் அதன் அடிப்பகுதியில் நூற்றுக்கணக்கான துளைகள் போட்டு சிமெண்ட் பால் ஏற்றினார்கள். கோபுரம் நிமிரவில்லை, இன்னும் கொஞ்சம் சாய்ந்தது. 1990-ல் பார்வையாளர்களுக்கு மூடியபோது சாய்வு ஏறக்குறைய 5.5 டிகிரி. பிறகு நேர் எதிரான வழியில் போனார்கள்: உயர்ந்து நின்ற வடபக்கத்தின் அடியிலிருந்து சாய்வான துளைகள் மூலம் மண்ணைச் சிறிது சிறிதாக எடுத்தார்கள். ஏறக்குறைய 38 கன மீட்டர் எடுத்ததும் சாய்வு அரை டிகிரி குறைந்தது. 2001 டிசம்பரில் மறுபடி திறந்தார்கள்.

கலவை செலுத்தும் முறை வென்ற இடம் லண்டன். 1990களில் வெஸ்ட்மின்ஸ்டரில் மெட்ரோ சுரங்கம் தோண்டியபோது பிக் பென் மணிக்கூண்டு சாயாமல் இருக்க, அதன் அடியில் கிடைமட்டமாகக் குழாய்களை முன்கூட்டியே பதித்து, சாய்வை விடாமல் அளந்துகொண்டே, தேவைப்பட்டபோது தேவைப்பட்ட அளவு மட்டும் கலவை கொடுத்தார்கள். அங்கே கலவையை விட அளவெடுப்புக்குத்தான் அதிக உழைப்பு.

ஊசி முறையா, ஜாக்கி வைத்துத் தூக்குவதா, எது நல்லது?
— வாசகர், ஊத்தங்கரை

இரண்டும் வேறு வேறு வேலை. ஜாக்கி, கட்டடத்தைக் கடக்காலிலிருந்து பிரித்துத் தூக்குகிறது. பேஸ்மட்டத்துக்குக் கீழே சுவரை இரண்டு மூன்று அடி நீளத்துக்கு, ஒன்று விட்டு ஒன்றாக வெட்டி, இரும்புச் சேனல் கொடுத்து ஜாக்கி வைப்பார்கள். சாய்வை நிமிர்த்தும்போது முன்பக்கம் கீல் போல நிற்க, பின்னால் போகப்போக ஒவ்வொரு வரிசை ஜாக்கியும் தூரத்துக்குத் தக்கபடி கூடுதலாகத் திரும்ப வேண்டும். இதில் ஒரு வரிசை பிந்தினால் சுவர் கிழியும். ரோடு உயர்ந்து வீடு பள்ளமான இடத்தில் ஜாக்கிதான் வழி. ஊசியால் இரண்டடி உயர்த்த முடியாது.

ஆனால் ஜாக்கி மண்ணுக்கு எதுவும் செய்வதில்லை. கனடாவில் வின்னிபெக் அருகே டிரான்ஸ்கோனா தானியக் கிடங்கு 1913 அக்டோபரில், தானியம் நிரப்பும்போது, ஒரு நாளைக்குள் ஏறக்குறைய 27 டிகிரி சாய்ந்தது. சுவர்கள் பெரிதாக உடையவில்லை. கீழே இருந்த களிமண்தான் தாங்கவில்லை. ஜாக்கிகள் வைத்து நிமிர்த்தினார்கள். அதோடு நிறுத்தாமல் அடியில் பாறை வரை தூண்கள் இறக்கி அதன் மேல் உட்காரவைத்தார்கள். உங்கள் வீடு இறங்குவது மண்ணால் என்றால், ஜாக்கிக்காரரிடம் இதைத்தான் கேட்க வேண்டும்: 'தூக்கிய பிறகு எதன் மேல் உட்காரவைப்பீர்கள்?'

எங்கள் பட்டறைத் தரை ஒரு பக்கம் 30 மி.மீ. இறங்கி, லேத் மட்டம் நிற்கவில்லை. ஊசி வேலைக்கு ஒப்பந்தம் போடும்போது என்னென்ன எழுத வேண்டும்?
— வாசகர், ஓசூர்

தரைத் தளத்துக்கு இந்த முறை மிகவும் பொருத்தம். சுமை குறைவு, துளையும் 16 மி.மீ. போதும். தளம் சுவரோடும் பில்லரோடும் ஒட்டியிருக்கும் விளிம்பை முதலில் கட்டரால் வெட்டி விடுவிக்கச் சொல்லுங்கள். வெட்டாமல் தூக்கினால் தளம் நடுவில் வீங்கி ஒடியும். லேத்தின் அடித்தளம் தனியாக இருந்தால் அதைத் தனியாக அளந்து தனியாகத் தூக்க வேண்டும்.

ஒப்பந்தத்தில் 'கிலோவுக்கு இவ்வளவு' என்று மட்டும் எழுதாதீர்கள். ரெசின் கூடக் கூட அவருக்கு லாபம், உங்களுக்கு ஆபத்து. எத்தனை மி.மீ. தூக்க வேண்டும், எந்த இடங்களில் அளப்பது, அதிகபட்சம் எத்தனை கிலோ என்பதை எழுதுங்கள். ஒவ்வொரு துளைக்கும் ஆழம், செலுத்திய அளவு, அழுத்தம், எழுந்த அளவு ஆகிய நான்கும் பதிவேட்டில் வர வேண்டும். நிறுத்த வேண்டிய நிலைகளும் அதில் இருக்கட்டும்: குறித்த அழுத்தம் வந்தால், குறித்த அளவு உள்ளே போயும் எழாவிட்டால், வேறு இடத்தில் தளம் அசைந்தால், குழாயிலோ கழிப்பறையிலோ கலவை தலைகாட்டினால். கணக்குக்கு: 6 மீட்டருக்கு 5 மீட்டர் இடம் சராசரி 15 மி.மீ. எழ 0.45 கன மீட்டர் போதும். உள்ளே போவது அதைவிடக் கூடும். மண்ணை இறுக்கவும் வெற்றிடத்தை நிரப்பவும் முதலில் செலவாகும். பல மடங்கு போயும் அசைவில்லை என்றால் நிறுத்திவிட்டுத் தரையில் ஒரு இடத்தை உடைத்துப் பாருங்கள்.

ஷெட்டின் பில்லரே இறங்கி, அடியில் பொலபொலப்பான மண் ஆழமாக இருந்தால் கெட்டிக் கலவை முறையையும் கேளுங்கள். பொடிமணலும் வண்டலும் சிமெண்டும் சேர்த்து, கூம்புச் சோதனையில் (கலவையைக் கூம்பு அச்சில் நிரப்பி, அச்சை எடுத்ததும் எவ்வளவு சரிகிறது என்று பார்ப்பது) 25 மி.மீ.க்கு மேல் சரியாத அளவுக்குக் கெட்டியாக்கி, 50 முதல் 75 மி.மீ. குழாயில் அடியிலிருந்து மேலாக, ஒவ்வொரு முறையும் 30 செ.மீ. முதல் ஒரு மீட்டர் உயர்த்தி ஏற்றுவார்கள். அது ஓடாது, குண்டு குண்டாக நின்று மண்ணை நெருக்கும். தலைக்கு மேல் ஒன்றரை, இரண்டு மீட்டர் மண்ணாவது இல்லாத இடத்தில் இது பலிக்காது, தரைதான் வீங்கும்.

காம்பவுண்டு சுவர் ரோட்டுப் பக்கம் சாய்ந்துவிட்டது. ஊசி?
— வாசகர், பர்கூர்

வேண்டாம். பிரித்துவிட்டுக் கட்டுங்கள். கட்டும்போது உள்பக்க மண் தள்ளாமல் இருக்க இரண்டு மீட்டருக்கு ஒன்றாக நீர்க்கசிவுத் துளை விடுங்கள். அதுவரை அதை ஒட்டி யாரும் வண்டி நிறுத்தவோ உட்காரவோ வேண்டாம்.

வீட்டை நிமிர்த்தியாகிவிட்டது. விரிசல்களை எப்போது பூசலாம்?
— வாசகி, காரிமங்கலம்

தூக்கும் முன்பே பூசியிருந்தால் அதுதான் தவறு. அடைத்த சாந்து சுவரைத் திரும்பச் சேரவிடாது. தூக்கிய பின்னும் விரிசல் முழுதாக மூடாது, உள்ளே உதிர்ந்த துகள் தடுக்கும். அதை நினைத்துக் கவலைப்பட வேண்டாம். இப்போது ஒவ்வொரு விரிசலின் குறுக்கேயும் மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை இரண்டு முனையிலும் சிமெண்டால் ஒட்டி, தேதி எழுதுங்கள். சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும். டியூப் லெவல் அளவையும் மாதம் ஒரு முறை தொடருங்கள். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் நம் மாவட்டங்களுக்கு வருகின்றன; இரண்டும் கடந்து, தை மாதத்தில் கண்ணாடி அப்படியே இருந்தால் விரிசலை ஆங்கில 'வி' வடிவில் வெட்டி, கோழிவலை அடித்துப் பூசிவிடுங்கள்.